ஒரகடம் காங்கிரீட்டுக்குள் ஒரு கல்கத்தா கல்லறை: சார்னோகைட்டுக்குப் பெயர் வைத்த தாமஸ் ஹாலந்து யார்?

சிங்கபெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தினமும் ஷிஃப்டுக்குப் போய்வருபவர்களுக்கு ரெடிமிக்ஸ் லாரிகள் பழகிப்போன காட்சி. பின்னால் உருளை சுழல, ஏதோ ஒரு புதிய ஆலைக்கோ குடோனுக்கோ போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது சிமென்ட் என்றுதான் பலரும் சொல்வோம். உண்மையில் அதில் சிமென்ட் கொஞ்சம்தான். காங்கிரீட்டின் கன அளவில் 60 முதல் 75 சதவீதம் வரை ஜல்லியும் மணலும்தான்.

அந்த ஜல்லி எந்தக் கல்? சைட்டில் கேட்டால் கருங்கல் ஜல்லி என்பார்கள், இல்லைன்னா புளூ மெட்டல். புவியியல் புத்தகத்தில் இதற்கு வேறு பெயர்: சார்னோகைட். சென்னையைச் சுற்றிய குவாரிகளில் உடைபடுவது பெரும்பாலும் இதுவும், இதோடு கலந்து கிடக்கும் நைஸ் வகைப் பாறைகளும்தான்.

பல்லாவரத்துக் கல்லுக்கு ஏன் இப்படி ஒரு வெள்ளைக்காரப் பெயர்? வைத்தவர் தாமஸ் ஹென்றி ஹாலந்து. பிரிட்டிஷ் இந்தியாவின் புவியியல் துறைத் தலைவர், இந்தியத் தொழில் ஆணையத்தின் தலைவர், வைஸ்ராய் நிர்வாக சபை உறுப்பினர், பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவர் என்று தன் காலத்தில் எல்லோரும் அறிந்த பெயர். இந்தியா தனக்கு வேண்டிய பொருளைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று அரசு அறிக்கையில் எழுதியவரும் இவர்தான். ஆனா அவர் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு.

முதலில்: ஏன் சுண்ணாம்புக்கல் ஜல்லி இல்லை?

உலகின் பல பகுதிகளில் காங்கிரீட்டுக்கு ஜல்லி என்றால் சுண்ணாம்புக்கல்தான். அமெரிக்கா, பிரான்ஸ், இங்கிலாந்தின் சில பகுதிகள், வளைகுடா நாடுகள் என்று பட்டியல் நீளும். அதற்குக் காரணமும் உண்டு. சுண்ணாம்புக்கல்லை உடைப்பது சுலபம், கிரஷரின் தாடைகள் சீக்கிரம் தேயாது. சிமென்ட் பசையோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெயிலில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் குறைவு, அதனால் விரிசலும் குறையும். தீ விபத்திலும் அது ஒரு படி மேல். குவார்ட்ஸ் அதிகமுள்ள கல் 573 டிகிரி செல்சியஸில் திடீரென விரியும். சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 3. குவார்ட்ஸுக்கு அது 7. லாரி டயர் ஓயாமல் உரசும் சாலையின் மேற்பரப்பில் சுண்ணாம்புக்கல் வழுவழுப்பாகிவிடும். களிமண்ணும் டோலமைட்டும் கலந்த சில சுண்ணாம்புக்கற்கள் சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து காங்கிரீட்டையே வெடிக்க வைக்கும். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் 1950-களில் இந்தப் பிரச்சினை கண்டறியப்பட்டது.

ஆனா ஒரகடத்தில் சுண்ணாம்புக்கல் ஜல்லி இல்லாததற்கு இதெல்லாம் காரணம் இல்லை. ஜல்லி விலை மலிவான, எடை மிகுந்த சரக்கு. தூரம் கூடக் கூட, கல்லின் விலையை லாரி வாடகை தாண்டிவிடும். அதனால் எந்த ஊரிலும் காங்கிரீட் என்பது அந்த ஊர்க் கல்தான். தமிழ்நாட்டின் சுண்ணாம்புக்கல் கிடக்கும் அரியலூர் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். மதுக்கரையும் சங்ககிரியும் தாழையூத்தும் இன்னும் தூரம். மேலும் அந்தக் கல்லுக்கு ஜல்லியைவிட நல்ல விலை கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது: சிமென்ட் சூளை. ஒரு டன் சிமென்ட்டுக்கு அடிப்படையான கிளிங்கரைச் செய்ய சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆக, சுண்ணாம்புக்கல் இந்த காரிடாருக்கு ஜல்லியாக வருவதில்லை, மூட்டையிலும் பல்கரிலும் சிமென்ட்டாக வருகிறது.

சரி, ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்கு அடியில் இருப்பதை எடுத்து உடைக்கலாமே? அங்கே கிடப்பது டைனோசர் காலத்துச் சேறு இறுகி உண்டான களிப்பாறை. தாவரப் புதைபடிவங்கள் கிடைக்கும் அந்த அடுக்குகளுக்கு புவியியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம், ஜல்லிக்கு உதவாது. எனவே கல்லுக்கு குன்றுகளைத்தான் தேட வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், குன்றத்தூர் என்று சென்னையின் தென்மேற்கில் வரிசையாக நின்ற குன்றுகள். இந்தக் கல்லைப் பற்றித்தான் ஹாலந்து எழுதினார்.

கார்ன்வாலில் பிறந்து கனடா பண்ணையில் வளர்ந்தவர்

ஹாலந்து 1868 நவம்பர் 22 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஹெல்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். கார்ன்வால் என்றாலே தகரச் சுரங்கங்கள்தான். சிறு வயதிலேயே குடும்பம் கனடாவின் மனிடோபாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து 1884-ல் உதவித்தொகை வென்று லண்டனுக்குப் படிக்க வந்தார். அவர் படித்த கல்லூரிதான் பின்னாளில் இம்பீரியல் கல்லூரியின் ஒரு பகுதியானது. 1888-ல் முதல் வகுப்பில் தேறினார்.

மான்செஸ்டரில் சிறிது காலம் ஆராய்ச்சி. பிறகு 1890-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. கல்கத்தாவுக்கு வந்து இறங்கியபோது வயது 21. துறையின் அருங்காட்சியகத்தையும் ஆய்வகத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது. நாடு முழுவதும் இருந்து வரும் கல் மாதிரிகள் அவர் மேசைக்கு வந்தன. அவற்றைக் காகிதத்தைவிட மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அப்போது புதிய நுட்பம். அதில் அவர் கில்லாடி.

கல்லறையில் கிடந்த பல்லாவரம் கல்

கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. கிழக்கிந்திய கம்பெனியின் வியாபாரி. 1690-ல் ஹூக்ளி நதிக்கரையில் கம்பெனியின் தளத்தை அமைத்தவர். இவர்தான் கல்கத்தாவை உருவாக்கியவர் என்று நீண்ட காலம் பாடப்புத்தகங்களில் இருந்தது. ஒரு நகரத்துக்கு ஒற்றை நிறுவனர் என்று ஒருவரைச் சொல்ல முடியாது என 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அந்தப் பட்டம் போனது.

வங்காளத்தின் வண்டல் மண்ணில் கல்லே கிடையாது. இன்றும் அந்தப் பக்கம் செங்கல்லைச் சூளையில் சுட்டு, அதை உடைத்து ஜல்லியாகப் போடுவது சகஜம். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய மனிதருக்குக் கல்லறை கட்ட வேண்டும் என்றால் கல்லைக் கடல் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். சார்னாக்கின் கல்லறைக்குக் கல் போனது மெட்ராஸில் இருந்து, பல்லாவரம் பக்கக் குன்றுகளில் வெட்டியது.

ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லைச் சும்மா விடவில்லை. பார்க்க கிரானைட் மாதிரி இருக்கும், ஆனா சாதாரண கிரானைட்டில் இல்லாத ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் அதில் இருந்தது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைபர்ஸ்தீன் மூன்றும் சேர்ந்த இந்தக் கல்லுக்கு அதுவரை தனிப் பெயர் இல்லை. 1893-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் பொருளே ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்தான். கல்லறையில் கிடப்பவரின் பெயரையே கல்லுக்கும் வைத்தார். சார்னாக்கில் இருந்து சார்னோகைட்.

பல்லாவரம் என்ற பெயர் இதில் எங்கும் ஒட்டவில்லை. கல் கிடைத்த ஊரின் பெயர் வைத்திருந்தால் இன்று உலகம் முழுக்க புவியியல் மாணவர்கள் பல்லாவரத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அண்டார்டிகாவிலும் நார்வேயிலும் மடகாஸ்கரிலும் பிறகு கண்டெடுக்கப்பட்ட இதே வகைக் கற்களுக்கும் சார்னோகைட் என்றே பெயர். அதேநேரம், இந்த வகைக்கு மூல மாதிரி சென்னைக் கல் என்பதை யாரும் மறக்கவில்லை. பரங்கிமலைப் பகுதிப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

பெயர் வைத்ததால் என்ன லாபம்?

ஒரு கல்லுக்குப் பெயர் வைத்தால் சைட் இன்ஜினீயருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். பெயர் என்பது அந்தக் கல்லின் ஜாதகம் மாதிரி. சார்னோகைட் என்றதும், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், ஏறக்குறைய நீரே இல்லாத சூழலில் உருவான கல் என்று தெரிந்துவிடும். கனிமங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருக்கும். நீர் உறிஞ்சுவது குறைவு, நசுக்கினாலும் லேசில் நொறுங்காது. ஃபோர்க்லிஃப்ட் நாள் முழுக்க ஓடும் ஆலைத் தளத்துக்கும், கனரக வாகனச் சாலைக்கும் வேண்டிய குணங்கள் இவைதான்.

எச்சரிக்கையும் அதே ஜாதகத்தில் இருக்கிறது. பூமிக்குள் நெருக்கப்பட்டுச் சிதைந்த குவார்ட்ஸ் உள்ள கற்கள், ஈரம் இருந்தால் சிமென்ட்டின் காரத்தோடு மெதுவாக வினைபுரியும். பல வருடம் கழித்துத்தான் விரிசல் தெரியும். ஒடிசாவின் ஹிராகுட் அணை இதற்கு இந்திய உதாரணம். அதனால்தான் பெரிய கட்டுமானங்களில் ஒரு குவாரியின் கல்லை ஏற்பதற்கு முன் அதைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறார்கள். ஹாலந்து 1893-ல் செய்த அதே வேலை.

அவர் சார்னோகைட்டோடு நிற்கவில்லை. 1892-ல் சேலம் மாவட்ட இரும்புத் தாதுவையும், அங்கே கரி அடுப்பில் இரும்பு உருக்கியவர்களின் தொழிலையும் பற்றி அறிக்கை எழுதினார். காங்கேயம் அருகே சிவன்மலையின் பாறைகளைத் தனி வரிசையாக வகைப்படுத்தினார். 1900-ல் சார்னோகைட் வரிசை பற்றிய அவரது பெரிய ஆய்வு வெளியானது. பல்லாவரம் குன்றும் சேர்வராயன் மலையும் நீலகிரியும் ஒரே பாறைக் குடும்பம் என்ற சித்திரம் அதில் கிடைத்தது. இந்தக் கல் நெருப்புக் குழம்பில் இருந்து நேரடியாக உறைந்தது என்று அவர் நினைத்தார். ஏற்கெனவே இருந்த பாறை உருமாறியும் இது உண்டாகலாம் என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். விவாதம் நூறாண்டு தாண்டியும் ஓடுகிறது.

முன்கூட்டியே சொன்ன வெள்ளம்

1893 செப்டம்பரில் இமயமலையின் கட்வால் பகுதியில் ஒரு மலைச்சரிவு. பிரஹி கங்கை ஆற்றின் குறுக்கே கல்லும் மண்ணும் விழுந்து இயற்கை அணையாக நின்றது. பின்னால் கோஹ்னா ஏரி நிரம்பத் தொடங்கியது. அந்த இடத்தை ஆராய அனுப்பப்பட்டவர் ஹாலந்து, வயது 25.

அடுத்த மழைக்காலத்தில், 1894 ஆகஸ்டில், ஏரி நிரம்பி வழியும் என்பது கணிப்பு. ராணுவப் பொறியாளர்கள் அதை நம்பி ஏற்பாடுகளைச் செய்தார்கள். கீழ்ப் பள்ளத்தாக்கு முழுவதும் எச்சரிக்கைக்குத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. மக்கள் மேட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். ஆகஸ்ட் 25 இரவு அணை உடைந்தது. கட்வாலின் ஸ்ரீநகர் நகரம் அடித்துச் செல்லப்பட்டது. ஆனா உயிரிழப்பு ஐந்து பேரோடு நின்றது. வெளியேற்றப்பட்ட பிறகும் திரும்பிப் போன ஒரு குடும்பம் அது.

பாறையைப் படிப்பது அருங்காட்சியக வேலை மட்டும் அல்ல, உயிர் காக்கும் வேலை என்பதற்கு இந்தியாவில் அன்று கிடைத்த பெரிய சாட்சி அது.

1903: ஒரு நாற்காலி, இரண்டு பேர்

1903-ல் ஹாலந்து துறையின் இயக்குநரானார். வயது 34. ஆனா அந்த நாற்காலிக்கு அவரைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். பிரமத நாத் போஸ். 1880-லேயே துறையில் சேர்ந்தவர், ஹாலந்தைவிடப் பத்து வருடம் சீனியர். ஒரு இந்தியர் தலைமைக்கு வருவதை அன்றைய அரசு விரும்பவில்லை. தன்னைத் தாண்டி ஜூனியருக்குப் பதவி போனதும் போஸ் வேலையை விட்டார்.

நியமித்தது அரசு. ஆனா பலன் அடைந்தது ஹாலந்து. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதைத் தாண்டிப் போக முடியாது.

போஸ் வீட்டில் முடங்கவில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் புவியியலாளராகச் சேர்ந்தார். அங்கே குருமகிசானி மலையில் தரமான இரும்புத் தாதுவைக் கண்டறிந்தார். 1904 பிப்ரவரி 24 அன்று ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். அந்தத் தாதுவை நம்பித்தான் 1907-ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் தொடங்கியது, இன்றைய ஜாம்ஷெட்பூர் உருவானது.

காங்கிரீட் தூணை வெட்டிப் பார்த்தால் கல், சிமென்ட், கம்பி மூன்றும் தெரியும். நம்ம ஊர்க் கல்லுக்குப் பெயர் வைத்தவர் ஹாலந்து. இந்தியாவின் எஃகுத் தொழிலுக்குத் தாது காட்டியவர் அவரால் பின்னுக்குத் தள்ளப்பட்ட போஸ். சிமென்ட்டுக்கு அப்போது இந்தியா லண்டன் கப்பலைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தது. 1904-ல் மெட்ராஸில் கடல் சிப்பியை வைத்து சிமென்ட் செய்யும் முயற்சி நடந்தது. பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இல்லாத ஊரின் அதே பழைய சிக்கல்தான். முயற்சி நிலைக்கவில்லை. குஜராத்தின் போர்பந்தரில் 1914-ல்தான் உற்பத்தி கால் ஊன்றியது.

மேக் இன் இந்தியாவுக்கு நூறாண்டு முன்

இயக்குநராக ஆறு ஆண்டுகள் இருந்த ஹாலந்து 1904-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், 1908-ல் சர் பட்டம் பெற்றார். 1909-ல் இங்கிலாந்து திரும்பி மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனார். கதை அங்கேயே முடிந்திருக்கும், முதல் உலகப் போர் வராமல் இருந்திருந்தால்.

போர் வந்ததும் ஒரு விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. கச்சாப் பொருளை ஏற்றுமதி செய்யும் நாடு, அதே பொருளில் செய்த சாமானைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கடலில் கப்பல் வரத்து தடைபட்டால் எல்லாம் நிற்கும். 1916-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியத் தொழில் ஆணையத்தை அமைத்தது. தலைவர் ஹாலந்து. உறுப்பினர்களில் மதன் மோகன் மாளவியா, தோராப்ஜி டாடா, ராஜேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் இருந்தார்கள். ஆல்பிரட் சாட்டர்டனும் இருந்தார்.

சாட்டர்டன் பெயர் இங்கே முக்கியம். மெட்ராஸில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடும் முறையையும் அரசு உதவியோடு தொடங்கிக் காட்டியவர் அவர். ஆனா அரசே தொழில் தொடங்கிக் கொடுப்பது சரியில்லை என்று 1910-ல் லண்டனில் இருந்து உத்தரவு வந்து, மெட்ராஸின் முயற்சிக்குத் தடை விழுந்தது. அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதுதான் அன்றைய கொள்கை.

1918-ல் வந்த ஹாலந்து ஆணையத்தின் அறிக்கை அந்தக் கொள்கையைத் திருப்பிப் போட்டது. தொழில் வளர்ச்சியில் அரசு நேரடியாக இறங்க வேண்டும், ஒவ்வொரு மாகாணத்திலும் தொழில் துறை வேண்டும், தொழிற்கல்வி வேண்டும், இருக்கும் வளங்களைக் கணக்கெடுக்க விஞ்ஞானிகள் வேண்டும் என்பது அதன் சாரம். கல்லைத் தெரிந்துகொள், பிறகு கட்டு என்ற புவியியலாளரின் புத்தி அதில் தெரிந்தது.

மாளவியா தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். இந்தியாவில் தொழில் இல்லாமல் இருந்தது இயற்கை அல்ல, இருந்த தொழில்கள் பிரிட்டிஷ் ஆட்சியில் நசிந்தன என்ற வரலாற்றை அவர் அடுக்கினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். என்ன செய்ய வேண்டும் என்று ஹாலந்து சொன்னார், ஏன் இந்த நிலைமை வந்தது என்று மாளவியா சொன்னார்.

அறிக்கையின் கதி? 1919 சீர்திருத்தத்தில் தொழில் துறை மாகாணங்களிடம் போனது. மாகாணங்களிடம் காசு இல்லை. பெரும்பகுதி தாளிலேயே தங்கியது.

ராஜினாமா

போர்க்காலத்தில் ஹாலந்து இந்தியத் தளவாட வாரியத்துக்கும் தலைவராக இருந்தார். படைக்குத் தேவையானதை உள்நாட்டிலேயே வாங்குவது அதன் வேலை. 1920-ல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழில் துறைக்குப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே சறுக்கல்.

வாரியத்தோடு வியாபாரம் செய்த சிலர் மீது கல்கத்தாவில் மோசடி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அரசுத் தரப்பு அதைத் திடீரென வாபஸ் வாங்கியது. பணம் உள்ளவனுக்கு ஒரு நீதியா என்று பத்திரிகைகள் கொதித்தன. வாபஸ் முடிவுக்குப் பொறுப்பு ஹாலந்து. புதிதாக வந்திருந்த வைஸ்ராய் ரீடிங் அதை ஏற்கவில்லை. 1921-ல் ஹாலந்து பதவி விலகினார். 21 வயதில் இந்தியாவுக்கு வந்தவரின் இந்திய வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

லண்டன் அவரைக் கைவிடவில்லை. 1922 முதல் 1929 வரை, தான் மாணவனாக இருந்த கல்லூரியின் வாரிசான இம்பீரியல் கல்லூரிக்கே தலைவர். பிறகு 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வர். உலகின் எந்த நாட்டிலும் எல்லாக் கனிமமும் கிடைப்பதில்லை. ஆகவே போர் தொடுக்கும் நாட்டுக்குக் கனிமத்தை நிறுத்தினாலே போரை நிறுத்தலாம் என்ற யோசனையை 1930-களில் முன்வைத்தார். இன்று அரிய தாதுக்களுக்காக நாடுகள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், அது எவ்வளவு முன்னால் யோசித்த விஷயம் என்று புரியும்.

1947 மே 15 அன்று இங்கிலாந்தில் இறந்தார். இந்தியா விடுதலை அடைய சரியாக மூன்று மாதம் இருந்தது.

அவர் பார்க்காத காரிடார்

ஹாலந்து அறிக்கை கேட்டதில் பெரும்பகுதி, அரசு நிலம் எடுத்து, சாலை போட்டு, மின்சாரம் கொடுத்துத் தொழிலை அழைப்பது உட்பட, சுதந்திர இந்தியாவில்தான் நடந்தது. தமிழ்நாட்டில் சிப்காட் அதைச் செய்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அதைத் தொடர்ந்து டைம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு பைக்குகள், டயர், செல்போன் என்று பட்டியல் நீண்டது.

ஒவ்வொரு ஆலைத் தளத்துக்கும் சாலைக்கும் ஊழியர் விடுதிக்கும் கல் வேண்டும். ஆற்று மணல் தட்டுப்பாடு வந்ததும் மணலுக்கும் அதே கல்லைத்தான் அரைக்கிறோம். எம்-சாண்ட் என்பது பெரும்பாலும் தூளாக்கிய கருங்கல்தான். முன்பு ஜல்லிக்கு மட்டும் போன குன்று, இப்போது ஜல்லிக்கும் மணலுக்கும் சேர்த்துக் கரைகிறது.

சென்னைக்கு அருகில் இருந்த குன்றுகளில் பல இன்று குன்றாக இல்லை, குழியாக இருக்கின்றன. மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் 20-க்கும் மேல். 2017 வறட்சியிலும், 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டபோதும், அந்தக் குழிகளில் தேங்கிய மழைநீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். இந்தக் கல் நீரை உறிஞ்சாது என்பதுதான் காங்கிரீட்டுக்கு அதன் பலம். அதே குணம்தான் குழியில் தண்ணீரைப் பிடித்து வைத்தது.

குழி தண்ணீர் தந்தது நல்ல விஷயம்தான். ஆனா குன்று திரும்ப வராது. சுண்ணாம்புக்கல்லாவது சிப்பியும் பவளமும் படிந்து கடலடியில் இன்றும் எங்கோ உருவாகிக்கொண்டிருக்கிறது. சார்னோகைட் உருவாக வேண்டிய ஆழமும் வெப்பமும் நமக்கு எட்டாதவை. குவாரிகள் உத்திரமேரூர், மதுராந்தகம் என்று தெற்கே நகர்ந்தால் லாரிக்குத் தூரம் கூடும், ஜல்லிக்கு விலை கூடும், வழியில் உள்ள ஊர்களுக்குத் தூசி கூடும்.

வழி இல்லாமல் இல்லை. காங்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தர விதி 2016-ல் திருத்தப்பட்டபோது, இடித்த கட்டடத்தின் காங்கிரீட்டை உடைத்து மறுபடி ஜல்லியாக்க அனுமதி வந்தது. கம்பி போடாத காங்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்-25 தரம் வரையிலான கம்பி காங்கிரீட்டில் 20 சதவீதம் வரை. விதி இருக்கிறது, பழக்கம்தான் இன்னும் வரவில்லை. இடித்த கட்டடக் கழிவு இப்போதும் ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும்தான் கொட்டப்படுகிறது.

எந்தக் கல், எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்ற கணக்கு இல்லாமல் தொழில் வளராது என்பதுதான் 1918 அறிக்கையில் ஹாலந்து விட்டுப்போன பாடம். அந்தக் கல்லுக்குப் பெயர் வைத்து 130 ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஒரகடத்துக்கு இன்னும் எத்தனை வருடத்துக்கு அது வரும் என்ற கணக்கைப் போட வேண்டியது இன்றைய தமிழ்நாடு.